நெட்டையன் தந்த கதகதப்பு

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலின் அருமை எங்கே தெரியும் என்று எவரேனும் கேட்டால், "இங்கிலாந்தில், எங்கள் அம்மாச்சி படுத்திருந்த அறையில்" என்று நாங்கள் விடை சொல்வோம். சித்திரை மாதத்தில் தார்ச்சாலை இளகி, செருப்பில் ஒட்டிக்கொள்ளும் புதுக்கோட்டையில் இருந்துகொண்டு, வீட்டைச் சூடாக்கும் கருவியைப் பற்றிக் கட்டுரையா என்று தோழியர் நகைக்கலாம். நாங்களும் முதலில் நகைத்தவர்கள்தாம். நகைப்பு எப்போது நின்றது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால், பத்தாம் வகுப்பில் பயிலும் அக்காவும், இதே பள்ளியில் ஏழாம் வகுப்பில் பயிலும் தங்கையும் ஆவோம். கதை நடந்தது சென்ற கல்வியாண்டில்.

எங்கள் அம்மாச்சியின் ஊர் கீரமங்கலத்துக்கு அருகில் உள்ளது. தென்னந்தோப்பும் ஆழ்குழாய்க் கிணறும் அவர்களுடைய சொத்து. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் ஒரே இரவில் அந்தத் தோப்பைச் சாய்த்துப் போட்டது. முப்பது ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள் வேரோடு கிடந்ததைப் பார்த்து அம்மாச்சி அழவில்லை. மூன்று நாட்கள் பேசவுமில்லை. அன்றைக்குத் திருச்சியில் செவிலியராக இருந்த எங்கள் சித்தி, வெளிநாட்டு வேலைக்கான தேர்வுகளை எழுதத் தொடங்கியது அதன் பிறகுதான். 2021-இல் அவர் இங்கிலாந்து சென்றார். இன்று லீட்ஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறார். சித்தியும் சித்தப்பாவும் கடன் வாங்கி அங்கே ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கியிருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட அந்த வீடு, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீட்டு வரிசை ஒன்றின் கடைசி வீடு.

சென்ற ஆண்டு சித்திக்குக் குழந்தை பிறக்கவிருந்தது. பேறுகாலத்தில் உடனிருக்க அம்மாச்சி அக்டோபர் இறுதியில் புறப்படுவதென முடிவாயிற்று. அவர்களுக்காகக் கீழ்த்தளத்தில் பின்பக்கத்து அறையை ஒதுக்கினார்கள். படி ஏற வேண்டியதில்லை. குழந்தையின் தொட்டிலையும் அங்கேயே போடலாம். ஆனால் அந்த அறையில் சன்னலுக்குக் கீழே பொருத்தியிருந்த ரேடியேட்டர் துருப்பிடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதை எடுத்தாக வேண்டும்.

'ரேடியேட்டர்' என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தந்தையார் சிரித்துவிட்டார். அவர் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். "ரேடியேட்டர் இருக்கிறது எஞ்சினைக் குளிர வைக்கிறதுக்கு. அதை வீட்டுக்குள்ளே மாட்டி என்ன செய்வாங்க?" என்றார். இரண்டும் செய்வது ஒரே வேலைதான் என்பது பின்னர்தான் விளங்கியது. லாரியில் எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் ஏந்திக்கொண்டு வந்து காற்றில் விடுகிறது. அந்தச் சூடு வீண். வீட்டிலோ பாய்லர் என்னும் கொதிகலன் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே அறைதோறும் அனுப்புகிறது. சுவரில் மாட்டிய இரும்புத் தகடுகளுக்குள் புகுந்து, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய தண்ணீர் மீண்டும் கொதிகலனுக்குத் திரும்புகிறது. இங்கே அந்தச் சூடுதான் செல்வம்.

பெயர் கதிர்வீசி என்று பொருள்பட்டாலும், அது அறையைச் சூடாக்குவது பெரும்பாலும் நம் அறிவியல் பாடத்தில் வரும் வெப்பச் சலனத்தால்தான். தகட்டைத் தொட்ட காற்று சூடாகி மேலே எழ, கீழிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. இவ்வாறு அறைக்காற்று முழுதும் சுற்றி வருகிறது.

இந்தக் கருவியை 1850-களில் ருசிய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிரான்ஸ் சான் காலி என்பவர் உருவாக்கினார் என்பர். இங்கிலாந்தில் சாதாரண வீடுகளுக்குள் அது வர நெடுநாள் ஆயிற்று. அறைக்கு அறை நிலக்கரி எரிப்பதே அங்கு வழக்கமாக இருந்தது. 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரைப் புகைமூட்டம் மூடி, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி அடுப்புகள் மெல்ல மறைய, எரிவாயுக் கொதிகலனும் ரேடியேட்டரும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. சித்தி வீட்டிலும் பழைய அடுப்பு மாடம் அடைக்கப்பட்டு, அலங்காரமாக நிற்கிறது.

இனி அம்மாச்சியின் அறைக்கு வருவோம். அந்த அறை மூன்று மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். அதில் கட்டில், தொட்டில், துணி அலமாரி மூன்றும் இருக்க வேண்டும். சன்னலோரம் கட்டில் வந்துவிட்டதால், பழையது போல நீளமும் குட்டையுமான ரேடியேட்டருக்கு இடமில்லை. கதவுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டடி அகலச் சுவர் மட்டும் மிஞ்சியது. அத்தகைய இடத்துக்கென்றே ஆள் உயரத்துக்கு நெட்டையாகவும் ஒடுக்கமாகவும் ரேடியேட்டர்கள் கிடைக்கின்றன. சித்தப்பா கடையில் பார்த்து ஒன்றை வாங்கினார். வெண்ணிறத்தில், பளபளவென்று, புல்லாங்குழல்களை வரிசையாக நிறுத்தியது போல் அழகாக இருந்தது. 1,100 வாட் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. தரைப் பலகையைப் பெயர்த்துக் குழாய்களை நகர்த்தி, பிளம்பர் வந்து மாட்டிக் கொடுத்தார். காணொளியில் பார்த்த அம்மாச்சி, "நெட்டையனா நிக்கிறானே, வாசல்ல காவல்காரன் மாதிரி" என்றார்கள். அன்று முதல் அதன் பெயர் நெட்டையன் ஆயிற்று.

அம்மாச்சி போய்ச் சேர்ந்தார்கள். ஞாயிறுதோறும் மாலையில் காணொளியில் பேசுவோம்.

"அம்மாச்சி, அங்கே குளிருதா?"

"அதெல்லாம் இல்லத்தா. நல்லாருக்கு."

நவம்பர் முழுதும் இதே கேள்வி, இதே விடை. ஐயுற்றது எங்கள் அம்மாதான். "எப்ப பேசினாலும் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்காங்க, கவனிச்சீங்களா? கையில காப்பி டம்ளரை விடவே மாட்டேங்கிறாங்க" என்றார். நாங்கள் கவனித்திருக்கவில்லை. அம்மாச்சி சமையலில் விருப்பம் உள்ளவர்கள், அதனால் அங்கே இருக்கிறார்கள் என்றே எண்ணியிருந்தோம்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நள்ளிரவு, தண்ணீர் குடிக்க எழுந்த சித்தி அடுப்படிக்குப் போனார். அங்கே நாற்காலியில், புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டரும் சால்வையும் போர்த்தியபடி அம்மாச்சி உட்கார்ந்தே உறங்கிக்கொண்டிருந்தார்கள். சித்தி அவர்களை அழைத்துக்கொண்டு அறைக்குச் சென்று, குழந்தைக்காக வாங்கி வைத்திருந்த வெப்பமானியைப் பார்த்தார். 15 டிகிரி. நெட்டையனின் மேல் ஈரத்துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. எத்தனை நாட்களாக இப்படி என்று கேட்டதற்கு, "வந்ததிலேர்ந்துதான். நீயே மாசமா இருக்க. வீட்டுக் கடன் வேற. எனக்குன்னு ஒரு செலவை இழுத்து விடவா?" என்று அம்மாச்சி சொன்னார்களாம்.

மறுநாள் சித்தி எங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லி அழுதபோது, பக்கத்தில் நின்ற நாங்கள் தலை குனிந்தோம். வாரந்தோறும் "குளிருதா" என்று கேட்டோமே தவிர, "அறையில் எத்தனை டிகிரி" என்று ஒரு முறையேனும் கேட்டோமா? வீட்டின் உள்வெப்பம் 18 டிகிரிக்குக் குறையலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். முதியோருக்கு அதனினும் சற்றுக் கூடுதலாக வேண்டும். பச்சிளங்குழந்தை உறங்கும் அறையோ 16 முதல் 20 டிகிரிக்குள் இருப்பது நலம் என்கிறார்கள் அங்குள்ளோர். சனவரியில் குழந்தை வரும். அந்த மாதத்தில் லீட்ஸ் நகரின் இரவு வெப்பம் சுழியை ஒட்டி இறங்கும். இருந்ததோ ஒரு மாத அவகாசம்.

1,100 வாட் கருவி ஒரு சிறிய அறையை ஏன் சூடாக்கவில்லை? எங்கள் அறிவியல் ஆசிரியையாகிய அருட்சகோதரியிடம் சென்று கேட்டோம். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். "பாடத்தைப் படியுங்கள்" என்று அனுப்பிவிடுவாரோ என அஞ்சினோம். அவரோ கரும்பலகையருகே சென்று, "இதுவும் பாடந்தான். எவ்வளவு தருகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். அறை எவ்வளவு இழக்கிறது என்று முதலில் கணக்கிடுங்கள்" என்றார்.

கணக்கு கடினமன்று. சுவரின் பரப்பை, ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் கசியும் என்னும் எண்ணால் பெருக்கி, பின்பு உள்ளும் புறமும் உள்ள வெப்ப வேறுபாட்டால் பெருக்க வேண்டும். உள்ளே 21, வெளியே கடுங்குளிரில் சுழிக்குக் கீழே 3 எனக் கொண்டால் வேறுபாடு 24. அந்த அறைக்கு இரண்டு வெளிச்சுவர்கள். இடைவெளி இல்லாத பழைய செங்கற்சுவருக்கு அந்த எண் ஏறத்தாழ 2.1. சுவர்ப்பரப்பு 12.75 சதுர மீட்டர். பெருக்கினால் சுவர் வழியே மட்டும் 640 வாட் வெளியேறுகிறது. ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் வழியே 170. பலகைத் தரை வழியே 135. கதவிடுக்கிலும் சன்னல் இடுக்கிலும் புகுந்து வெளியேறும் காற்றோடு 240. கூட்டினால் ஏறத்தாழ 1,200 வாட்.

"1,100-க்கும் 1,200-க்கும் நூறுதானே வேறுபாடு? அதற்காக 15 டிகிரியிலா நிற்கும்?" என்று வினவினோம். கருவியோடு வந்த தாளைப் படமெடுத்து அனுப்பும்படி சித்தப்பாவிடம் கேட்கச் சொன்னார் சகோதரி. வந்த படத்தில், பொடி எழுத்தில் விடை இருந்தது. அந்த 1,100 வாட், தண்ணீரின் சராசரி வெப்பம் அறையைவிட 60 டிகிரி கூடுதலாக இருக்கும்போது கிடைப்பது. அதாவது தண்ணீர் 80 டிகிரியில் ஓட வேண்டும். ஐரோப்பியத் தர அளவின்படி இக்காலத்தில் 50 டிகிரி வேறுபாட்டுக்கே கணக்குக் காட்டுகிறார்கள். சித்தி வீட்டிலோ எரிவாயுவைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிக் கொதிகலனை 55 டிகிரியில் வைத்திருந்தார்கள். 55-இல் போய் 45-இல் திரும்பும் தண்ணீரின் சராசரி 50. அறை 20 என்றால் வேறுபாடு 30 மட்டுமே.

வேறுபாடு பாதியானால் வெப்பமும் பாதியாகும் என்று நினைத்தோம். அதைவிடவும் குறையும் என்று காட்டினார் சகோதரி. 60-இலிருந்து 30-க்கு இறங்கும்போது நூற்றுக்கு நாற்பது பங்குதான் மிஞ்சும். ஆகவே நெட்டையன் கொடுத்தது ஏறத்தாழ 450 வாட். அதன் மேல் ஈரத்துண்டுகளைப் போட்டு அதையும் மறைத்திருந்தோம். ஏமாற்றியவர் எவருமில்லை, எண் தாளில்தான் இருந்தது. அழகைப் பார்த்த நாம் அடிக்குறிப்பைப் பார்க்கவில்லை.

அப்படியானால் 1,200 வாட்டை முப்பது டிகிரி வேறுபாட்டில் தரக்கூடிய பெரிய கருவியை வாங்கிவிட வேண்டியதுதானே? அது 2,300 வாட் என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். அத்தனை அகலம் அந்த இரண்டடிச் சுவரில் அடங்குமா? சித்தப்பா கையைப் பிசைந்தார். அந்த ஞாயிறு பேச்சில், ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாச்சி முதன்முறையாக வாய் திறந்தார்கள்.

"வாய்க்கால் உடைப்பெடுத்துக் கெடக்கு. அதை அடைக்காம மோட்டாரை மாத்தி என்னய்யா ஆகப் போகுது?"

எல்லாரும் ஒரு கணம் அமைதியானோம். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சி வாழ்ந்த அம்மாச்சிக்கு, சகோதரி கரும்பலகையில் எழுதிய கணக்கு முன்பே தெரிந்திருந்தது.

உடைப்பை அடைக்கும் வேலை தொடங்கியது. கதவின் அடியிலும் சன்னலின் ஓரங்களிலும் காற்றுத் தடுக்கும் பட்டை ஒட்டினார்கள். சன்னலுக்கு உட்புறமாக இரண்டாவது தடுப்பு ஒன்றைப் பொருத்தி, கனத்த திரை மாட்டினார்கள். சன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் இருந்தால், கண்ணாடியிலிருந்து இறங்கும் குளிர்காற்றை அதுவே எதிர்கொள்ளும். அதனால்தான் பழங்காலத்தில் அங்கே வைத்தார்கள். அதை வேறு சுவருக்கு மாற்றினால் சன்னலுக்குத் தனியே பாதுகாப்பு வேண்டும். இதை முதல் முறை யாரும் நினைக்கவில்லை. ஆனால் காற்று வருவதற்கென்று அமைத்த துளைகளை அடைக்கவில்லை. மூச்சுக்கும் ஈரம் போகவும் அவை வேண்டும். மீண்டும் கணக்கிட்டோம். காற்றின் இழப்பு 130, சன்னலின் இழப்பு 100 என்று குறைந்து, மொத்தம் ஆயிரம் வாட்டாக இறங்கியிருந்தது.

இனித் தேர்வு எளிது. 1,800 மில்லிமீட்டர் உயரம், 500 மில்லிமீட்டர் அகலம். இரண்டு தகடுகள், அவற்றின் நடுவே மடிப்பு மடிப்பான இரும்பு இதழ்கள். காற்று தொடும் பரப்பைக் கூட்டுவதே அவ்விதழ்களின் வேலை. ஐம்பது டிகிரி வேறுபாட்டில் 1,950 வாட். எங்கள் முப்பது டிகிரியில் ஏறத்தாழ ஆயிரம். பார்வைக்கு முன்னதைப் போல் அழகில்லை. "இது கதவுப் பலகை மாதிரி இருக்கிறதே" என்றாள் தங்கை. குழாய்கள் கீழே நடுவில் இணையும் இடைவெளி முன்னதற்கும் இதற்கும் 50 மில்லிமீட்டர்தான் என்று சித்தப்பா அளந்து பார்த்துக்கொண்டார். ஆகவே தரைப் பலகையை மறுபடி பெயர்க்க நேரவில்லை.

பொருத்திய நாளில் நாங்களும் காணொளியில் உடனிருந்தோம். பிளம்பர் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தார். கெட்டியான செங்கல் என்றால் 'டொக்' என்றும், உள்ளே வெற்றிடமுள்ள ஜிப்சம் பலகை என்றால் 'டம்' என்றும் ஒலிக்கும். நெட்டையான ரேடியேட்டர் தண்ணீர் நிரம்பினால் ஓர் ஆளின் எடை இருக்கும். அந்த எடை முழுதும் ஒடுங்கிய இடத்தில் தொங்குவதால் வெறும் பலகையில் திருகாணி முடுக்கினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இங்கே செங்கல் இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேலே இரண்டு, கீழே இரண்டு தாங்கிகளை அடித்தார். குழந்தை தவழும் வீடாகப் போவதால், அசைத்தாலும் கழன்று வராதபடி மேற்பக்கம் பூட்டும் கொக்கியும் போட்டார். அடியில் இரண்டு வால்வுகள். ஒன்றில் 1 முதல் 5 வரை எண் இருக்கும். அறை வேண்டிய அளவு சூடானதும் அதுவே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும். மற்றொன்று, எல்லா அறைக்கும் தண்ணீர் சமமாகப் போக ஒரு முறை சரிசெய்து மூடி வைப்பது. நம் வயல்களில் மடை திறந்து முறை வைப்பது போன்றது அது.

எல்லாம் முடிந்து கொதிகலனை இயக்கினார்கள். அரைமணி நேரம் கழித்தும் கீழ்ப்பாதி சுட்டது. மேற்பாதி சில்லென்றே இருந்தது. பிளம்பரோ விடைபெற்றுச் சென்றுவிட்டார். சித்தப்பாவின் முகம் வாடியது. மீண்டும் தவறா? அம்மாச்சி எழுந்து வந்து, உள்ளங்கையைக் கீழிருந்து மேலாக நகர்த்தித் தடவிப் பார்த்தார்கள்.

"மேல காத்து அடைச்சிருக்கு தம்பி. நம்ம பம்புசெட்டுல காத்துப் புடிச்சா தண்ணி ஏறுமா? அதைத் திறந்து விடுங்க."

இங்கே எங்கள் தந்தையார் தொடையைத் தட்டி, "அத்தை சொல்றதுதான் சரி. லாரியிலேயும் அப்படித்தான்!" என்று கூவினார். ரேடியேட்டரின் உச்சியில் காற்றை வெளியேற்ற ஒரு சிறு திருகு உண்டு. நெட்டையனுக்கு அது தலைக்கு மேலே இருந்ததால் சித்தப்பா முக்காலி போட்டு ஏறினார். கொதிகலனை நிறுத்தி ஆறவிட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு, சிறு சாவியால் கால் சுற்றுத் திருப்பினார். 'உஸ்ஸ்' என்று நெடுநேரம் காற்று வந்தது. பின் சொட்டுத் தண்ணீர் வந்ததும் மூடினார். காற்று வெளியேறினால் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தமானியைப் பார்த்து, ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் முள் நிற்கும்படி தண்ணீர் சேர்த்தார். மறுபடி இயக்கினார்கள். இம்முறை உச்சி வரை சூடு ஏறியது.

அன்றிரவு வெப்பமானி 19 காட்டியது; மறுநாள் இருபது. கிறிஸ்துமசுக்கு நான்கு நாட்கள் இருந்தன. முதலில் வாங்கிய நெட்டையனைச் சித்தப்பா வீசிவிடவில்லை. அதிகச் சூடு தேவைப்படாத நடைவழியில் மாட்டினார். இப்போது அங்கே அது காவல் நிற்கிறது. துண்டுகள் காய்வது அதன் மேல்தான்.

சனவரியில் தம்பி பிறந்தான். எண் மூன்றில் வால்வை வைத்து, தொட்டிலை ரேடியேட்டரிலிருந்து தள்ளிப் போட்டு, இரவில் ஒரு முறையும் விடியற்காலையில் ஒரு முறையும் அம்மாச்சி வெப்பமானியைப் பார்ப்பார்களாம். நாங்கள் ஞாயிறன்று "குளிருதா" என்று கேட்பதை விட்டுவிட்டோம். "அம்மாச்சி, முள் எங்கே நிற்கிறது?" என்று கேட்போம். அவர்களும் வெப்பமானியைக் கையிலெடுத்துக் கேமராவுக்குக் காட்டுவார்கள்.

ஏப்ரலில் அம்மாச்சி ஊர் திரும்பினார்கள். திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும், "அப்பாடா, வெயில்!" என்று இரண்டு கைகளையும் நீட்டி நின்றார்கள். எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு பகல் இருந்துவிட்டு, "இங்க உடைப்பு மேல இருக்கு" என்றார்கள். கூரைத் தளம் வாங்கும் வெயிலே எங்கள் வீட்டின் உடைப்பு. தந்தையார் குளிர்சாதனப் பெட்டி வாங்க எண்ணியிருந்தார். அதற்கு முன் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மேற்குச் சன்னலுக்கு வெளியே தட்டி கட்டினோம். இரவில் மின்விசிறியே போதுமாயிருக்கிறது. நம் மாவட்டத்தில் இராயவரம், கோனாப்பட்டு போன்ற ஊர்களில் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் நடுமுற்றமும் வைத்துக் கட்டியவர்கள் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டவர்கள் என்பது இப்போது எங்களுக்குப் புரிகிறது.

அன்புத் தோழியரே, உங்களில் பலருக்கும் உறவினர் வெளிநாட்டில் இருக்கக்கூடும். அவர்கள் நெட்டையான ரேடியேட்டர் வாங்குவதாகச் சொன்னால், எங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அறை இழப்பதை முதலில் கணக்கிடுங்கள்; உடைப்பை அடையுங்கள்; அட்டையிலுள்ள வாட் எத்தனை டிகிரி வேறுபாட்டுக்கு என்று பாருங்கள்; சுவரைத் தட்டிப் பாருங்கள்; மேலே காற்று அடைத்தால் திறந்துவிடுங்கள்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் "நல்லாருக்கு" என்றால் அத்துடன் பேச்சை முடித்துவிடாதீர்கள். அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து வாரம் எங்கள் கண்முன்னே அம்மாச்சி குளிரில் இருந்தார்கள். நாங்கள் அவர்களுடைய சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. சித்தி அனுப்பியது. அம்மாச்சி ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் அமர்வார்கள்.